கை நனைக்காத விருந்தாளி

குமரவேல் பொய் சொல்லவில்லை. நாளைக்கு ஊரில் அவனைப் பற்றி யார் என்ன பேசினாலும் இதை மட்டும் நாம் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். சொல்ல வேண்டியதில் பாதியைச் சொன்னான். மீதிப் பாதியை விழுங்கிவிட்டான். அவ்வளவுதான் அவன் செய்த குற்றம்.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்காக ஒரு வாய் வார்த்தை. குருவிநத்தம் உலகநாதனின் மகன் குமரவேல். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி இறக்குகிறவனுக்குத் தன் வீட்டு வாசலில் இறக்க ஒரு பிள்ளை இல்லை. மனைவி கல்பனா பால் சொசைட்டியில் வேலை பார்க்கிறாள். டாக்டர்கள், கோயில்கள், அரச மரங்கள் எல்லாவற்றையும் சுற்றி ஓய்ந்த பிறகு இருவரும் வில்லியனூரில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போனார்கள். தத்தெடுப்பதற்கு அல்ல. பெற்றவர்களால் பார்த்துக்கொள்ள முடியாத காலத்தில் ஒரு குழந்தையை வீட்டில் வைத்து வளர்ப்பது, அவர்கள் நிலைமை தேறியதும் திருப்பி அனுப்பி வைப்பது. வளர்ப்புப் பெற்றோர் என்று அதற்குப் பெயர்.

அந்த 'திருப்பி அனுப்பி வைப்பது' இருக்கிறதே, அதைத்தான் குமரவேல் விழுங்கிவிட்டான்.

"வூட்டுக்குப் புள்ள வருதுப்பா" என்றுதான் ஆரம்பித்தான். உலகநாதன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், நேராக டீக்கடைக்குப் போய் ஊருக்கே சொல்லிவிட்டார். கரும்பு விற்ற அன்றுகூட அவர் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை. அந்த மனுஷனை நடுத்தெருவில் நிறுத்தி, "அப்பா, இன்னும் பாதி இருக்கு" என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

இன்றைக்கு விஜயராணி மேடம் வருகிறார். குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து, வீட்டைப் பார்த்து, மனுஷர்களைப் பார்த்து, கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க.

"மாமாகிட்ட சொல்லிட்டீங்களா?" கல்பனா காலையிலேயே அவனைக் கொல்லைப்பக்கம் மடக்கினாள்.

"சொல்லினே இருக்கேன்."

"சொல்லினே இருக்கறதுன்னா இன்னா? அது இன்னா டிவி சீரியலா, தெனம் கொஞ்சம் கொஞ்சமா சொல்றதுக்கு?"

"இன்னிக்கு சொல்லிடறேன்."

"மேடம் வூட்ல இருக்கற ஒவ்வொருத்தரையும் கேப்பாங்க. ஒருத்தர் மூஞ்சி கோணினாலும் நம்ம பேர அடிச்சிடுவாங்க. இன்னொரு தரம் டிரெய்னிங் போய், இன்னொரு தரம் காத்துனு கெடக்க எனக்குத் தெம்பு இல்ல. புரியுதா?"

புரிந்தது. புரியாமல் என்ன? பால் சொசைட்டியில் கேனில் கையை விடாமலே தண்ணீர் கலந்ததைக் கண்டுபிடிக்கிறவள் அவள். அவளிடம் புரியாத மாதிரி நிற்பது நடக்கிற காரியமா?

அப்பாவைத் தேடி வாசலுக்கு வந்தவன் அப்படியே நின்றான். எதிர் வீட்டு நடேசனின் சோபா தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. முன்னால் நடேசன், பின்னால் அவர் தம்பி, நடுவில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உலகநாதன்.

"இன்னாப்பா இது?"

"பாத்தா தெரியல? சோபா. வர்றவங்க பிளாஸ்டிக் சேர்லயா ஒக்காருவாங்க? ஓரமா நில்லு, கால்ல பட்டுடப் போவுது."

இங்கே உலகநாதனையும் குற்றம் சொல்ல முடியாது. வெளியாட்கள் நல்ல நாள் பார்த்து வந்து, கூடத்தில் உட்கார்ந்து, வீட்டையும் மனுஷர்களையும் நோட்டம் விட்டுச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டுப் போகிற சடங்கு அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். பெண் பார்க்கிறது. மகளைப் பெண் பார்க்க வந்தபோது எப்படி நடத்தினாரோ அப்படியே இதையும் நடத்தக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு முன்னின்று நடத்திய அக்கா தையலம்மாளையும் நெட்டப்பாக்கத்திலிருந்து வரவழைத்துவிட்டார்.

தையலம்மாள் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே உத்தரவு போட்டுக்கொண்டுதான் இறங்கினார்.

"கேசரிக்கு ரவை வறுத்தாச்சா? பஜ்ஜிக்கு வாழைக்கா சீவினாங்களா? அடியே கல்பனா, இன்னாடி இது நூல் பொடவ? போய் பட்டு கட்டினு வா."

"அத்த, அவங்க புள்ளயக் கொடுக்கலாமான்னு பாக்க வர்றாங்க. என்னப் பாக்க இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். கேட்டா மட்டும் பேசு. சத்தமா சிரிக்காத. மீதிய நான் பாத்துக்கறேன்."

கல்பனா புருஷனைப் பார்த்த பார்வையில் ஒரு வேன் நின்றுபோயிருக்கும்.

அடுத்தபடியாகத் தையலம்மாள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கூடத்து மூலையில் மருந்தடிக்கிற ஸ்பிரேயர், தாழ்வாரத்தில் மண்வெட்டி, சுவரில் அரிவாள், ஜன்னல் மேடையில் பூச்சி மருந்து டப்பாக்கள். "விவசாயி வூடுன்னு சொல்லிக்கலாம்பா, அதுக்காவ இப்படியா கடை பரப்புறது? எல்லாத்தையும் உள்ள தள்ளு" என்றார். எந்த உள்ளே என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. காலியாக இருந்தது ஒரே ஒரு அறைதான். உலகநாதனும் நடேசனும் சேர்ந்து எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய் அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தச் சந்தடியில் குமரவேல் ஒரு முயற்சி செய்தான்.

"அப்பா, ஒரு விஷயம். அந்தப் புள்ள வந்து..."

"வரட்டும், வரட்டும். வந்ததும் மொட்ட அடிச்சி காது குத்தணும். மயிலம் கோயில்லயே வச்சிக்கலாம்னு நெனக்கறேன்."

"அது இல்லப்பா."

"பின்ன எங்க? திருவந்திபுரமா?"

காது குத்து எந்தக் கோயிலில் என்பது வரைக்கும் போய்விட்டவரைத் திருப்பிக் கூட்டிவருவது எப்படி? அதற்குள் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

விஜயராணி மேடம் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வாசலைப் பார்த்தார். கூடம் நிறைய உலகநாதன் அழைத்திருந்த பங்காளிகள். அவர்களுக்கு நடுவில் தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மல்லிகைப்பூ. வேறு வீட்டு விசேஷத்துக்குள் நுழைந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகம்.

"குமரவேல் வீடு இதானே?"

"வாங்க, வாங்க. ஒக்காருங்க. சோபா நம்முளுதுதான்" என்றார் உலகநாதன். யாரும் கேட்கவில்லை. பின்வரிசையில் நின்ற நடேசன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது.

"மன்னிச்சுக்குங்க, வீடு பாக்கப் போற எடத்துல நாங்க எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணி மட்டும் குடுங்க" என்றார் மேடம்.

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் கை நனைக்கவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவர்கள் அந்தக் கூட்டத்தில் யாருமில்லை. தையலம்மாள் முகம் சுருங்கிவிட்டது. "மொதலே கோணலாப் போச்சே" என்று முணுமுணுத்தவர், விட்டதைப் பிடிக்கிற வேகத்தில் முன்னால் வந்து நின்றார்.

"எங்க கல்பனா ரொம்ப அடக்கமான பொண்ணுங்க. பேசினா பக்கத்துல இருக்கறவங்களுக்கே கேக்காது."

காலையில் கொல்லையில் கல்பனா பேசியது தெருமுனை வரைக்கும் கேட்டிருந்தது.

"கல்பனா, உங்களுக்குக் கோபம் வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டார் மேடம்.

"அவளுக்குக் கோவமே வராதுங்க" என்றார் தையலம்மாள்.

"வரும் மேடம். காலையில இருந்து வந்துனேதான் இருக்கு" என்றாள் கல்பனா. "கொல்லப்பக்கம் போய் ரெண்டு பக்கெட் துணி தொவைப்பேன். அப்பறம் சரியாயிடும்."

மேடம் முதல் தடவையாகச் சிரித்தார். குமரவேலுக்கு மூச்சு வந்தது. தையலம்மாள் விடவில்லை.

"ஒண்ணு கேக்கணுமே. வர்ற புள்ள இன்னா ஜனம்..."

சமையலறைப் பக்கம் ஒரு சொம்பு விழுந்து உருண்டு வந்தது. கல்பனா கையிலிருந்துதான் விழுந்தது. விழுந்ததா, விடப்பட்டதா என்பது வேறு விஷயம். சொம்பு உருண்டு நிற்கும்வரை எல்லோரும் அதையே பார்த்தார்கள். அது நின்றபோது மேடம் எழுந்துவிட்டிருந்தார்.

"குழந்தைக்குன்னு ஒதுக்கின ரூம பாக்கலாமா?"

கல்பனா நிமிர்ந்தாள். அந்த அறைக்கு அவளே சுண்ணாம்பு அடித்திருந்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருந்தாள். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. பெருமையோடு முன்னால் நடந்து கதவைத் திறந்தாள்.

கட்டில்மேல் ஸ்பிரேயர். தலையணைப் பக்கம் இரண்டு அரிவாள். கட்டிலுக்கு அடியில் மண்வெட்டி, கடப்பாரை, மண்டை ஓடு படம் போட்ட மருந்து டப்பாக்கள் வரிசையாக. அறையில் அடித்த நெடியில் மேடம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"மேடம், இதெல்லாம் இங்க இருக்கறது இல்ல" என்றாள் கல்பனா. "இன்னிக்கு மட்டும்தான். நீங்க வர்றீங்கன்னு..."

"நான் வர்றேன்னா?"

குமரவேல்தான் முன்னால் வந்தான். "எங்க ஆளுங்க பொண்ணு பாக்கறதுன்னு நெனச்சி வூட்ட ஒழுங்கு பண்ணிட்டாங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மோட்டார் கொட்டாய்க்குப் போயிடும். பூட்டு போட்டுடறேன்."

"அடுத்த தடவ நான் சொல்லாமதான் வருவேன்" என்றார் மேடம். ஆனால் குரலில் கோபம் இல்லை. கூடத்துக்குத் திரும்பி வந்து உலகநாதனுக்கு எதிரே உட்கார்ந்தார்.

வந்துவிட்டது. குமரவேல் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்த நேரம்.

"ஐயா, உங்க மகனுக்கும் மருமகளுக்கும் விருப்பம். உங்களுக்கு?"

"எனக்கா? இன்னிக்கே கொடுத்தாலும் தூக்கிப்பேன்."

"சந்தோஷம். குழந்தையோட அம்மாவுக்கு ஒடம்பு தேறினதும் திருப்பி அனுப்பிடணும். அப்போ உங்களால முடியும்ல?"

உலகநாதன் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். சிரிப்பு போனது அவருக்கே தெரிய கொஞ்ச நேரம் பிடித்தது.

"யார அனுப்பணும்?"

"குழந்தைய. இது தத்து இல்லையே ஐயா. உங்ககிட்ட சொல்லலையா?"

அவர் மகனைப் பார்த்தார். பங்காளிகள் எல்லோரும் குமரவேலைப் பார்த்தார்கள். கல்பனாவும் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் அரிவாள் வைத்த அறைக்குள்ளேயே போய் உட்கார்ந்திருக்கலாம்.

உலகநாதன் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

மேடம் பையை மூடினார். "வீட்ல எல்லாரும் ஒத்துக்காம எங்களால எதுவும் செய்ய முடியாது கல்பனா. நான் போயிட்டு தகவல் சொல்றேன்."

"போச்சு" என்று தையலம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "போய் சொல்லி அனுப்பறேன்னுட்டாங்க. இதுக்கு மேல இன்னா இருக்கு? நம்ம பங்காளி வூட்டு சரோஜாவ பொண்ணு பாக்க வந்தவனும் இதான் சொன்னான். இன்னிவரைக்கும் சொல்லி அனுப்பல."

கல்பனா சமையலறைக்குப் போனாள். கேசரிப் பாத்திரத்தை மூடினாள். திட்டியிருந்தால் குமரவேல் தாங்கியிருப்பான். அவள் மூடிய விதத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று கொல்லைக்கு நடந்தான்.

உலகநாதன் பசுமாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். மகன் வந்து நின்றது தெரிந்தும் மாட்டிடம்தான் பேசினார்.

"ஊருக்கெல்லாம் நான் சொல்லிட்டேன். அவனுக்கு இன்னா, வேன் எட்துனு போயிடுவான். டீக்கடையில நான்தான முழிக்கணும்?"

"அப்பா."

"பெத்த அப்பன்கிட்ட சொல்றதுக்கு இன்னாவாம் பயம்? நான் இன்னா கடிச்சா துன்னுடுவேன்?"

"சொன்னா வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்தேன்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." இப்போது அவர் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "தாத்தான்னு கூப்ட்டு, தோள்மேல ஏறி, சோறு ஊட்டி எல்லாம் பழகிட்டு, ஒருநாள் போயிடும்னா எப்டிடா வளக்கறது? போற புள்ளய எப்டிடா வளக்கறது?"

குமரவேலிடம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த பதில் இருந்தது. நல்ல பதில். ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"எனக்குத் தெரியலப்பா" என்றான். "நான் தெனம் வேன்ல புள்ளைங்கள ஏத்தறேன். சாயங்காலம் அவங்கவங்க வூட்டு வாசல்ல எறக்கி வுடறேன். ஒண்ணும் என்னுது இல்ல. ஆனா எறங்கும்போது ஒவ்வொண்ணும் 'போயிட்டு வரேன் மாமா'ன்னு சொல்லிட்டுதான் போவுது. அந்த நேரத்துல எனக்கு நல்லா இருக்குப்பா. அதுக்காவதான் அந்த வேலையில இருக்கேன்."

உலகநாதன் புல்லைக் கீழே போட்டார். மாடு அவர் கையை நக்கியது. அவர் ஏதோ கணக்குப் பார்ப்பவர் போல நின்றார். திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். வயசானவர் ஓடுகிறாரே என்று குமரவேலும் பின்னால் ஓடினான். மேடம் அதற்குள் ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கொஞ்சம் நில்லு" என்றார் உலகநாதன், மூச்சு வாங்க. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் புள்ள போவும்போது எங்ககிட்ட சொல்லிட்டுப் போவுமா?"

மேடம் ஸ்கூட்டரை நிறுத்தினார்.

"நீங்க பாட்டுக்கு வந்து கூட்டினு போயிடக் கூடாது. நான் கரும்புக் கொல்லையில இருந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடணும். 'போயிட்டு வரேன் தாத்தா'ன்னு அது வாயால சொல்லணும். அது மட்டும் செய்யறீங்கன்னா எனக்குச் சம்மதம்."

விஜயராணி மேடம் ஸ்கூட்டரிலிருந்து இறங்கினார். "சொல்லிட்டுதான் போவா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

"போவாளா? பொண்ணா?"

மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். வாசலுக்கு வந்து நின்றிருந்த கல்பனாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

"பேரு அர்ச்சனா. ஒண்ணாங்கிளாஸ் படிக்கிறா. அப்பா இல்ல. அம்மா டி.பி. ஆஸ்பத்திரியில இருக்காங்க, பாத்துக்க வேற யாரும் இல்ல. மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்றார். பொங்கலுக்குள்ள எழுந்து நடந்துடுவாங்க. அதுவரைக்கும்தான் உங்ககிட்ட. அந்த ரூம மட்டும் நாளைக்கே சரி பண்ணிக் காட்டுங்க. குழந்தைகள் நலக் குழு ஒத்துக்கிட்டா வர்ற வாரமே கூட்டிட்டு வரலாம். என்ன சொல்றீங்க கல்பனா?"

எல்லோரும் கல்பனா முகத்தைப் பார்த்தார்கள். தையலம்மாளுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. இதைக் கேட்கத்தானே அவள் இத்தனை நாள் காத்துக்கிடந்தாள்? பயிற்சியில் எல்லாக் கேள்விக்கும் முதலில் கை தூக்கியவள் அவள்தான்.

"நாளைக்குச் சொல்றேன் மேடம்" என்றாள் கல்பனா.

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மேடம் போனார். பங்காளிகள் பஜ்ஜியைத் தீர்த்துவிட்டுக் கலைந்தார்கள். சோபா தெருவைத் தாண்டித் திரும்பப் போனது. உலகநாதன் டப்பாக்களை ஒவ்வொன்றாக மோட்டார் கொட்டாய்க்குத் தூக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நடைக்கும் "அர்ச்சனா, அர்ச்சனா" என்று பேரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கல்பனா அந்த அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தாள். விரிப்பில் ஸ்பிரேயர் வைத்த ஈரம். குமரவேல் நிலைப்படியில் நின்றான்.

"என்மேல கோவமா?"

அவள் தலையை ஆட்டினாள். இல்லை.

"அப்பாவே ஒத்துக்கிட்டாரு கல்பனா. இன்னும் இன்னா?"

அவள் விரிப்பில் இருந்த ஈரத்தைக் கையால் தேய்த்தாள்.

"பொங்கலுக்குள்ள அந்தம்மாவுக்குத் தேறிடும்னு மேடம் சொன்னாங்க இல்ல? தேறாம இருந்தா நல்லா இருக்கும்னு நெனச்சிட்டேங்க."

அதைச் சொல்லும்போது அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.